பீரோவுக்குள் விளக்கு: மூன்றாவது முயற்சியில்தான் சரியாக வந்தது

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, செல்போனில் வீடியோவை ஓடவிட்டு அம்மாவின் பீரோவுக்குள் நடுத்தட்டில் சாய்த்து வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு இரண்டு நிமிடம் வெளியே காத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது மடித்து வைத்த புடவைகள் எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன, கதவு மெல்ல வந்து சேர்கிறது, 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் முழு இருட்டு. மீதி ஒன்றே முக்கால் நிமிடமும் இருட்டுதான். கதவைத் திறந்தால் எரிந்து, சாத்தினால் தானே அணைகிற விளக்கு வேண்டும் என்று, அந்த இருட்டைப் பார்க்கத்தான் மூன்று மாதமாக மல்லுக்கட்டினேன். அதனால் நடந்ததை வரிசையாக எழுதி வைத்துவிடுகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு பாதிச் செலவாவது மிஞ்சும்.

முதலில் பீரோவைப் பற்றி. 1984-ல் அம்மா கல்யாணத்துக்குச் சீராக வந்தது, கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் செய்தது. கோத்ரெஜ் நிறுவனம் இரும்பு பீரோ செய்யத் தொடங்கியது 1923-ல். இதுவும் அதே சாயல்தான்: உயரம் 78 அங்குலம், அகலம் 36, ஆழம் 19. தகடு 20 கேஜ், அதாவது ஏறத்தாழ 0.9 மி.மீ. உள்ளே ஐந்து தட்டு. வலது பக்கம் நடுவில் லாக்கர், லாக்கருக்குள் ஒரு ரகசிய அறை. வலது கதவில் கைப்பிடி. அதைத் திருப்பினால் மேலே, கீழே, பக்கவாட்டில் என மூன்று திசையிலும் கம்பி ஓடிப் பூட்டும். இந்தக் கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்பது பின்னால் முக்கியமாகப் போகிறது.

பிரச்சினை எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். அறையின் டியூப்லைட் பீரோவுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. பீரோவைத் திறந்து முன்னால் நின்றால் நம் நிழலே உள்ளே விழுகிறது. அம்மா ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் புடவையை உருவுவார். மேலே அடுக்கியது சரிந்து விழும். கடந்த தை மாதம் ஒரு கல்யாணம், காலை நாலரை மணி முகூர்த்தம். மூன்று மணிக்கு எழுந்து, வாடாமல்லி நிறப் புடவைக்குக் கத்தரிப்பூ நிற ரவிக்கையை எடுத்து வைத்துக்கொண்டார். மண்டபத்துக்குப் போய் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்று முழுக்க முந்தானையைப் போர்த்திக்கொண்டே இருந்தார், போட்டோவுக்குக்கூட முன்வரிசையில் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இன்ச் டேப்பை எடுத்தேன்.

முதல் முயற்சி சுலபமானது. ஆன்லைனில் கிடைக்கும், சார்ஜ் செய்யக்கூடிய ஸ்டிக் லைட். ஆள் அசைந்தால் தானே எரியும், 30 செ.மீ. நீளம், முதுகில் காந்தம். இரண்டு சேர்த்து 798 ரூபாய். பீரோ இரும்பு என்பதால் டேப்பும் வேண்டாம், ஆணியும் வேண்டாம், வைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. கூரைக்கு அடியில் ஒன்று, இரண்டாம் தட்டுக்கு அடியில் ஒன்று. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

முதல் வாரம் எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. அசைவு நின்று இருபது விநாடியில் விளக்கு அணைந்துவிடும். அம்மா புடவை எடுக்கும் விதமே வேறு. ஒரு புடவையைப் பாதி உருவிக் கையில் வைத்துக்கொண்டு, இதைப் போன தடவை யார் வீட்டு விசேஷத்துக்குக் கட்டினோம் என்று யோசித்துக்கொண்டு நிற்பார். யோசிக்கும்போது ஆள் அசைவதில்லை. விளக்கு போய்விடும். கையை ஆட்டினால் திரும்ப வரும். நாளுக்கு நாலு தடவை கையை ஆட்டினால் யாருக்குமே அலுத்துவிடும். மூன்றாவது வாரம் ஒன்று சார்ஜ் இல்லாமல் நின்றது. நானும் ஊரில் இல்லை. அதைக் கழற்றி, ஒயரைத் தேடி, சார்ஜ் போட்டு மறுபடி மாட்டுவது அம்மா செய்கிற வேலை இல்லை. மறுபடி டார்ச் வந்துவிட்டது. இன்னொன்றும் கவனித்தேன்: கீழ் விளக்கின் பிளாஸ்டிக் மூடி மேல் ஒரு பாச்சை உருண்டை உருண்டுபோய் ஒட்டிக் கிடந்தது. அது பட்ட இடம் மட்டும் பிசுபிசுவென்று இளகியிருந்தது. பாச்சை உருண்டை போடுகிற பீரோவில் மெல்லிய பிளாஸ்டிக் மூடி எதுவும் உருண்டைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. நான் இப்போது உருண்டையைச் சின்னத் துணிப்பையில் கட்டி மூலையில் தொங்கவிட்டிருக்கிறேன். பட்டுச் சரிகைக்கும் அதுதான் நல்லது.

சரி, பேட்டரியே வேண்டாம், கரண்டில் ஓடட்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் 230 வோல்ட்டை இரும்புப் பெட்டிக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதில் ஆரம்பத்திலிருந்தே உறுதியாக இருந்தேன். ஒயரின் தோல் எங்காவது உரசித் தேய்ந்தால் பீரோ முழுக்க ஷாக் அடிக்கும், அதுவும் ஈரக்கையோடு தொடுகிற இடம். அதனால் அடாப்டர் வெளியே பிளக்கில், உள்ளே வெறும் 12 வோல்ட். லித்தியம் பேட்டரியைப் பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. எங்கள் வீட்டில் பீரோ இருப்பது மேற்குச் சுவரை ஒட்டி. மே மாதம் சாயங்காலம் தகட்டைத் தொட்டால் சுடும்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஐந்து மீட்டர் எல்.இ.டி. ஸ்ட்ரிப் (குட்டி பல்புகள் வரிசையாகப் பதித்த நாடா) ஒரு சுருள் வாங்கினேன். மீட்டருக்கு 120 பல்பு, வெள்ளை வெளிச்சம், 320 ரூபாய். கூடவே 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், 250 ரூபாய். அடாப்டர் வாங்கும்போது பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அதில் பேரம் வேண்டாம்.

தவறு அங்கிருந்துதான் தொடங்கியது. விளக்கு என்றால் மேலே என்ற பழக்கத்தில் கூரையில் ஒட்டினேன். மேல்தட்டில் கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம், இரண்டாம் தட்டிலிருந்து இருட்டு. தட்டுகள் எல்லாம் ஓட்டை இல்லாத முழுத் தகடு, வெளிச்சம் எப்படிக் கீழே இறங்கும்? சரி என்று, சுருளை 85 செ.மீ. துண்டுகளாக வெட்டி ஐந்து தட்டுக்கும் தனித்தனியாக வைத்தேன். துண்டுக்குத் துண்டு ஒயர், கிளிப்பால் இணைப்பு. போட்டதும் ஐந்தும் விநாடிக்கு ஒரு தடவை மின்னி மின்னி அணைந்தன. அப்போதுதான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். மீட்டருக்கு 9.6 வாட், நாலே கால் மீட்டருக்கு 40.8 வாட், அதாவது 3.4 ஆம்பியர். அடாப்டர் தருவதோ 2. அது தாங்க முடியாமல் தன்னைத் தானே அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. வாங்கும் முன்பு போட்டிருக்க வேண்டிய கணக்கு.

இரண்டு தட்டைக் கழற்றியதும் மின்னுவது நின்றது. ஆனால் கிளிப் இணைப்புகள் புடவை உரசலில் கழன்றன. சுருளோடு வந்த பசை டேப் பத்து நாளில் உரிந்தது. ஒரு துண்டின் வெட்டு முனையில் இருக்கும் செம்பு தகட்டில் பட்டு எல்லா விளக்கும் போனது. போதும் என்று ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் பிய்த்தேன்.

பிய்க்கும்போதுதான் வழி தெரிந்தது. கூரைத் துண்டின் ஒரு முனை ஒட்டியபடியே இருக்க, மறு முனை கதவுச் சட்டத்தை ஒட்டிக் கீழே தொங்கியது. எரிந்துகொண்டேதான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் முதல் மூன்று தட்டும் பக்கவாட்டிலிருந்து ஒரே சீராகத் தெரிகின்றன. புடவைகளின் மடிப்பு ஓரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. நாம் அடுக்கிய புடவையைப் பார்ப்பது மேலிருந்து அல்ல, முன்னாலிருந்து மடிப்பு ஓரத்தைத்தான். வெளிச்சமும் முன்னாலிருந்து அந்த ஓரத்தில்தான் விழ வேண்டும். ஸ்ட்ரிப்பை அப்படியே கையில் பிடித்து மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றேன்.

பீரோவின் இரண்டு பக்கச் சட்டத்திலும், கீல் இருக்கும் ஓரத்தில், தகடு உள்பக்கமாக மடிந்து ஓர் அங்குல உதடு மாதிரி நிற்கும். தட்டுகளின் முன் விளிம்பு அந்த உதட்டிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி இருக்கிறது. பூட்டுக் கம்பிகள் வலது கதவின் உள்ளேதான் ஓடுகின்றன, பக்கச் சட்டத்துக்கு வருவதில்லை. அந்த உதட்டுக்குப் பின்னால் விளக்கு நின்றால் கண்ணில் படாது, உள்நோக்கி மட்டும் அடிக்கும். அடித்தட்டிலிருந்து கூரை வரை அளந்தேன்: 66 அங்குலம், 167 செ.மீ. சொச்சம்.

அடுத்தது வெளிச்சத்தின் நிறம். இதில் நான் முதலில் அக்கறையே காட்டவில்லை. வாங்கிய வெள்ளை ஸ்ட்ரிப்பில் அம்மாவின் அரக்குப் புடவை காப்பித்தூள் நிறத்தில் தெரிந்தது. "என் அரக்குப் புடவை எங்கடா?" என்று கேட்டுவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டே தேடினார். எந்த விளக்கு வந்தாலும் வாடாமல்லிக்கும் கத்தரிப்பூவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் இந்த வேலைக்கே அர்த்தமில்லை.

இரண்டாம் தடவை ரிச்சி ஸ்ட்ரீட் போகும்போது ஒரு பையில் ரவிக்கைத் துணித் துண்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். அரக்கு, வாடாமல்லி, கத்தரிப்பூ, கரும்பச்சை, மாம்பழ மஞ்சள், அப்புறம் ஒரு எம்.எஸ். புளூ. எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தியதால் அந்தப் பெயரைப் பெற்ற நீலம். அம்மாவுக்குப் பிடித்தது, விளக்கு வெளிச்சத்தில் எளிதில் ஏமாற்றுவதும் அதுதான். கடைக்காரர் பொறுமையான மனிதர். "என்ன சார், ஜவுளிக் கடைக்கு வந்த மாதிரி வந்திருக்கீங்க" என்று கேட்டுவிட்டு, மூன்று சுருளைப் பிரித்து மேசையில் எரியவிட்டார். 3000, 4000, 6500 கெல்வின். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிற அளவு: எண் குறைந்தால் மஞ்சள் சாயும், கூடினால் நீலம் சாயும். மூன்றும் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான, நூறு வரை போகும் அளவு) 90-க்கு மேல் என்று சொல்லி விற்பவை. நான் பழைய 320 ரூபாய் ஸ்ட்ரிப்பில் ஒரு துண்டையும் கொண்டுபோயிருந்தேன். துணியை ஒவ்வொன்றின் கீழும் பிடித்துப் பார்ப்பது, உடனே கடை வாசலுக்குப் போய் வெயிலில் பார்ப்பது, மறுபடி உள்ளே வருவது. அரை மணி நேரம்.

பழைய ஸ்ட்ரிப்பில் அரக்கு பழுப்பாகச் செத்துப்போய்த் தெரிந்தது. வாடாமல்லியும் கத்தரிப்பூவும் அக்கா தங்கை போல. 6500-ல் நிறங்கள் பிரிந்தன, ஆனால் சரிகை வெள்ளி மாதிரி வெளுத்தது. 3000-ல் அரக்கும் மஞ்சளும் பிரமாதம், சரிகை தகதகவென்று இருந்தது. ஆனால் டெஸ்டட் சரிகைத் துண்டும் (அசலைப் போல் செய்த மலிவுச் சரிகை) அசல் சரிகை மாதிரியே ஜொலித்தது, எம்.எஸ். புளூ மங்கிக் கரும்பச்சைப் பக்கம் சாய்ந்தது. 4000-ல் மட்டும் உள்ளே பார்த்ததும் வாசலில் பார்த்ததும் ஒன்றாக இருந்தன. அதையே எடுத்தேன். மீட்டருக்கு 60 பல்பு, 4.8 வாட், ஐந்து மீட்டர் சுருள் 850 ரூபாய்.

துணி கொண்டுபோக முடியாதவர்கள் உள்ளங்கையை விளக்குக்கு அடியில் நீட்டிப் பாருங்கள். நல்ல ஸ்ட்ரிப்பில் விரல் நுனியின் ரத்தச் சிவப்பு தெரியும். மட்டமானதில் கை காய்ச்சல்காரன் கை மாதிரி வெளிறிப் பச்சை பாயும்.

கணக்கு இந்தத் தடவை முதலிலேயே போட்டேன். பக்கத்துக்கு 165 செ.மீ., இரண்டுக்கும் 3.3 மீட்டர், 15.84 வாட், 1.32 ஆம்பியர். ஏற்கெனவே இருக்கும் 2 ஆம்பியர் அடாப்டரே தாராளம். இந்த ஸ்ட்ரிப்பை 5 செ.மீ.-க்கு ஒரு தடவை போட்டிருக்கும் கோட்டில்தான் வெட்ட முடியும். 165 அதற்குச் சரியாக வந்தது.

ஸ்ட்ரிப்பை நேரடியாகத் தகட்டில் ஒட்டுவதில்லை என்று தீர்மானித்தேன். மூலையில் உட்காரும் முக்கோண அலுமினியம் புரொஃபைல் (ஸ்ட்ரிப்பை உள்ளே வைக்கும் பள்ளமான சட்டம்), 16 மி.மீ., பால் நிற மூடியோடு. இரண்டு மீட்டர் நீளத்தில் இரண்டு, 640 ரூபாய். ஆக்சா பிளேடால் 165-க்கு அறுத்து, முனையை அரத்தால் ராவி, உள்ளே ஸ்ட்ரிப்பை ஒட்டினேன். ஒயரைக் கிளிப் இல்லாமல் 25 வாட் சால்டரிங் அயர்னால் நேரடியாகப் பற்றவைத்தேன். வெட்டு முனை இரண்டு பக்கமும் அலுமினியத்தில் படாதபடி ஒரு சொட்டு சிலிக்கான் வைத்து மூடினேன். முன்பு சுட்டுக்கொண்ட பாடம்.

பீரோவில் பொருத்த ஸ்க்ரூ போடவில்லை. 10 மி.மீ. அகலம் 2 மி.மீ. தடிமன் உள்ள நியோடிமியம் காந்தங்கள், பன்னிரண்டு, 180 ரூபாய். புரொஃபைலின் முதுகில் ஆறு ஆறாக அரால்டைட் போட்டு ஒட்டி, ஒரு நாள் காயவிட்டேன். அப்புறம் உதட்டுக்குப் பின்னால் கொண்டுபோனால் 'டக்'கென்று கவ்வியது. நாற்பது வருஷப் பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை. வேண்டுமென்றால் கழற்றித் துடைத்து மாட்டலாம். ஒரு விஷயம்: முதலில் நாலு நாலு காந்தம்தான் வைத்தேன், கனம் தாங்கியது, ஆனால் புடவை இழுபட்டால் மெல்ல வழுக்கிக் கீழே இறங்கியது. ஆறு வைத்ததும் நின்றுவிட்டது. அடியில் ஒரு சின்ன ரப்பர் துண்டையும் முட்டுக் கொடுத்தேன்.

ஒயர் உள்ளே வர ஓட்டை போட வேண்டியதாயிற்று. இதுவரை கதவு இடுக்கு வழியாக விட்டிருந்தேன், கதவு நசுக்கி நசுக்கி ஒயரின் தோல் தட்டையாகிவிட்டது. பின்தகட்டில், மேல் மூலையிலிருந்து இரண்டு அங்குலம் கீழே குறித்தேன். பீரோவைக் காலி செய்து, கால்களுக்கு அடியில் சாக்கைச் செருகி, நானும் தம்பியும் இழுத்து ஓர் அடி முன்னால் கொண்டுவந்தோம். சென்டர் பஞ்சால் ஒரு குழி, 3 மி.மீ. பிட்டில் முதல் ஓட்டை, அப்புறம் 6, அப்புறம் 10. நேரடியாகப் பெரிய பிட்டை வைத்தால் மெல்லிய தகட்டில் பிட் வழுக்கி ஓடும், ஓட்டையும் கோணலாகும். உள்ளே ஓட்டைக்கு நேரே ஈரச் செய்தித்தாளை விரித்து, ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பாலித்தீன் பையில் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். இரும்புத் தூள் எல்லாம் பையின் மேல் ஒட்டிக்கொண்டது. பையை வெளியே கொண்டுபோய்க் காந்தத்தை உருவினால் தூள் கொட்டிவிடும். இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு தூள் புடவையில் விழுந்து மழைக்காலத்தில் துருப்பிடித்தால் கறை போகவே போகாது.

ஓட்டையின் விளிம்பில் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் தொட்டு வைத்து, காய்ந்ததும் ரப்பர் குரோமெட் (ஒயரைத் தகட்டு விளிம்பு அறுக்காமல் காக்கும் வளையம்), அதன் வழியாக ஒயர், மிச்ச இடைவெளியில் சிலிக்கான். இடைவெளி விட்டால் இராமபாணப் பூச்சிக்கு வாசல் திறந்து வைத்த மாதிரி.

இனி சுவிட்ச். மூன்று மாதத்தில் பாதி இதில்தான் போனது. கதவைச் சாத்தியதும் விளக்கு நிச்சயமாக அணைய வேண்டும். பட்டுக்கு இருட்டுதான் நல்லது. இரவும் பகலும் உள்ளே எரிந்துகொண்டிருந்தால் சாயம் வெளுக்கும், சூடும் சேரும்.

முதலில் கதவுக்கு வைக்கும் காந்த சுவிட்ச், எம்.சி.-38, 60 ரூபாய். திருட்டு அலாரத்துக்குப் போடுவார்களே, அது. ஒரு துண்டு சட்டத்தில், ஒரு துண்டு கதவில். மாட்டிக் கதவைச் சாத்தினேன், இடுக்கில் வெளிச்சக் கோடு தெரிந்தது. திறந்தேன், அணைந்தது. தலைகீழாக வேலை செய்கிறது. இரண்டு ஒயர் மட்டும் உள்ள வகையில் காந்தம் நெருங்கினால் இணைப்பு சேரும். அலாரத்துக்கு அது சரி, விளக்குக்கு எதிர். மூன்று ஒயர் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். அது 90 ரூபாய்.

மூன்று ஒயர் சுவிட்ச் வந்தது. அட்டையில் 20 மி.மீ. தூரம் வரை வேலை செய்யும் என்று போட்டிருந்தது. என் பீரோவில் 8 மி.மீ.-க்குள் வந்தால்தான் உணர்ந்தது. சுற்றிலும் இரும்பு இருந்தால் காந்தப் புலத்தை அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இரண்டு துண்டுக்கும் அடியில் 6 மி.மீ. மரப்பட்டை வைத்துத் தூக்கியதும் 14 மி.மீ. வரை வந்தது. நாலு நாள் அருமையாக ஓடியது. ஐந்தாம் நாள் ராத்திரி அம்மா கூப்பிட்டார்: "உள்ளே எரிஞ்சுக்கிட்டே இருக்கு, வந்து பாரு." அறை இருட்டில் பீரோவின் இடுக்கில் மெல்லிசாக ஒரு கோடு. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சுவிட்சை லேசாகத் தட்டினேன், அணைந்தது. உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சுவிட்ச் தாங்குவது அரை ஆம்பியர். நான் ஓடவிட்டது 1.32. மறுபடி கணக்கை விட்டது என் தவறுதான். அடாப்டருக்குப் போட்ட கணக்கைச் சுவிட்சுக்குப் போடவில்லை.

நடுவில் ஒரு மாஸ்ஃபெட் (விளக்கின் முழு மின்னோட்டத்தையும் தானே தாங்கிக்கொள்ளும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) வைத்தால் காந்த சுவிட்சே போதும் என்று தெரியும். ஆனால் நான் இல்லாத நாளில் பழுதானால் தெருமுனை எலக்ட்ரீஷியன் கையால் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. மிக்சி, மைக்ரோவேவ் அவன் போன்றவற்றில் இருக்கும் சாதாரண மைக்ரோ சுவிட்ச், உருளை வைத்த நெம்புகோலோடு, 35 ரூபாய். ஒன்று மாட்ட, ஒன்று கையிருப்புக்கு. மூன்று கால் இருக்கும். பொதுக் காலையும், அழுத்தாதபோது சேர்ந்திருக்கும் காலையும் எடுத்துக்கொண்டேன். கதவு அழுத்தினால் பிரியும், விளக்கு அணையும். ஐந்து ஆம்பியர் தாங்குவது, கவலை இல்லை.

எங்கள் பீரோவில் வலது கதவைத் திறக்காமல் இடது கதவைத் திறக்க முடியாது, அதனால் ஒரே சுவிட்ச் போதும். வலது கதவுக்கு மேல் சட்டத்தில், பூட்டுக் கம்பி வந்து செருகும் துளையிலிருந்து நாலு அங்குலம் தள்ளி வைத்தேன். அலுமினியம் எல் துண்டில் துளையை நீள்வட்டமாக ராவிக்கொண்டேன், முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கலாம்.

அதிலும் ஒரு சிக்கல். கைப்பிடியைத் திருப்பிப் பூட்டினால் அணைகிறது. வெறுமனே சாத்திவிட்டுப் போனால் கதவு 4 மி.மீ. திரும்பி வெளியே வருகிறது, விளக்கு எரிகிறது. அம்மா பகலில் பூட்டுவதே இல்லை, தள்ளிவிட்டுப் போய்விடுவார். அதனால் கதவு முழுக்கச் சேர்வதற்கு 8 மி.மீ. முன்பே சுவிட்ச் அழுந்தும்படி முன்னால் நகர்த்தி, நெம்புகோலையும் கொஞ்சம் வளைத்தேன். ஒவ்வொரு தடவை நகர்த்திய பின்பும் செல்போனை உள்ளே வைத்து வீடியோ. ஏழாவது வீடியோதான் மேலே சொன்னது. காதால் 'டிக்' கேட்பதை நம்பாதீர்கள், இடுக்கில் எட்டிப் பார்ப்பதையும் நம்பாதீர்கள். கேமராவை உள்ளே வையுங்கள்.

கடைசியாக ஒரு டிம்மர், 120 ரூபாய். முழு வெளிச்சம் விடிகாலை மூன்று மணிக் கண்ணுக்கு அதிகமாக இருந்தது. அறுபது சதவீதத்தில் வைத்து அதைத் தொடவே இல்லை. அடாப்டரை இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்கில் செருகியிருக்கிறேன், கரண்ட் போனாலும் எரியும். அம்மா வெளியே போகும்போது எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகிறவர், அதனால் அந்தச் சுவிட்சின் மேல் 'பீரோ' என்று எழுதி ஒட்டியாயிற்று.

லாக்கர் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். அதன் கதவு வலது பக்கம் திறந்து வலது விளக்கை மறைக்கிறது. ஆனால் இடது விளக்கு குறுக்கே அடித்து லாக்கரின் உள்மூலை வரை போகிறது. வளையல் டப்பாவில் எது யாருடையது என்று எழுதி ஒட்டியிருக்கும் சீட்டை அம்மா கண்ணாடி போடாமல் படித்தார். ரகசிய அறைக்கு வெளிச்சம் போகவில்லை, அதற்காக லாக்கர் தகட்டில் ஓட்டை போட எனக்கு மனமில்லை. அங்கே மட்டும் டார்ச்தான்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரிப் 850, புரொஃபைல் 640, அடாப்டர் 250, மைக்ரோ சுவிட்ச் இரண்டு 70, காந்தம் 180, டிம்மர் 120, ஒயர் 60, அடாப்டர் பின் 30, குரோமெட் 10. ஆக 2,210 ரூபாய். அரால்டைட், சிலிக்கான், ரெட் ஆக்சைடு வீட்டில் இருந்தவை. வீணானது ஸ்டிக் லைட் 798, முதல் ஸ்ட்ரிப் 320, காந்த சுவிட்ச் இரண்டும் 150. ஆக 1,268. புரொஃபைலில் மிச்சமான இரண்டு 35 செ.மீ. துண்டில் ஒன்றை, மீந்த ஸ்ட்ரிப்போடு சேர்த்துப் பூஜை அலமாரிக்கு வைத்துவிட்டேன்.

அடுத்து தம்பி வீட்டு பீரோவுக்குச் செய்யப் போகிறேன். அதில் சில மாற்றம். மைக்ரோ சுவிட்சுக்குப் பதிலாக ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் அழுத்தும் சுவிட்சை வைத்துப் பார்க்க எண்ணம். அதன் அழுத்தும் கட்டை நீளமாக உள்ளே போகும், அதனால் கதவு துள்ளினாலும் நகர்த்தி நகர்த்திச் சரிசெய்யும் வேலை குறையும் என்று நினைக்கிறேன். டிம்மரைப் பீரோவுக்குள் வைத்தது தவறு, வெளியே அடாப்டர் பக்கத்தில் இருந்தால் ஒயர் குறையும். ஓட்டையை, பீரோ காலியாக இருக்கும் முதல் நாளே போட்டுவிட வேண்டும், பாதி வேலையில் மறுபடி புடவைகளை இறக்கி ஏற்ற அம்மாவுக்கும் என் மனைவிக்கும் ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. தம்பி வீட்டு பீரோவின் இரண்டு கதவிலும் கைப்பிடி இருக்கிறது, எது முதலில் திறக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே இரண்டு சுவிட்ச் வேண்டும், பக்கத்துக்கு ஒன்றாக, அந்தந்தக் கதவு அந்தந்த விளக்கை மட்டும் எரியவிடும்படி. அதற்கு ஒயர் படம் போட்டு வைத்திருக்கிறேன். ரவிக்கைத் துணிப் பையை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.